சிவப்புக் கயிறு கட்டின மரம்

வாங்க தம்பி. அந்தக் கல்லுல உக்காராதீங்க, நேத்துப் பேஞ்சது இன்னும் காயல. இந்தச் சாக்க மடிச்சுப் போட்டு உக்காருங்க. எந்தம்பி கொழந்தவேலுதான அனுப்பினான்? அனுப்பத்தான் செய்வான். பஸ்ஸ விட்டு எவன் எறங்குனாலும் சரி, எங்கண்ணன் புது ஆப்பிள் கண்டுபிடிச்சிருக்காரு, மேல போயி மரத்தப் பாருங்கன்னு ஏத்தி விட்டுருவான். போன மாசம் கம்பளி விக்க வந்த ஆள அனுப்பிட்டான். அந்த மனுசன் மூட்டையத் தூக்கிக்கிட்டு மூச்சு வாங்க ஏறி வந்து, ஐயா எனக்கு ஆப்பிள் வேணாம், உங்களுக்குக் கம்பளி வேணுமான்னு கேக்குறான். என்னத்தச் சொல்ல.

நீங்க விவசாயப் பத்திரிகையா? சரி, எழுதுங்க. எழுதுறதுக்கு முன்னாடி கேட்டுட்டு எழுதுங்க. அந்தா நிக்கிதுல்ல, பூண்டுக் காட்டுக்கு நடுவுல ஒத்த மரம், சுத்தி வேலி போட்டு? இடுப்புல சிவப்புக் கயிறு கட்டியிருக்கு பாருங்க. அதான் நீங்க பாக்க வந்த மரம். வேலி போட்டது எந்தம்பி. எரு வச்சது எந்தம்பி. கோடையில ஓடையிலருந்து கொடத்துல தண்ணி சொமந்து ஊத்துறதும் அவன்தான். ஐம்பத்தாறு வயசாச்சு, முட்டி வலிக்குதுங்கிறான், ஆனா ஊத்துறான்.

என்னை அழிச்சவனும் அவன்தான். இத ஊர்ல ஒருத்தர்கிட்டயும் நான் சொன்னதில்ல. சொன்னா அவன் காதுக்குப் போயிரும். நீங்க சாயங்கால பஸ்ஸுல எறங்கிப் போற ஆளு, உங்ககிட்டச் சொல்லலாம்.

நான் படிச்சது அஞ்சாப்பு. கவர்மெண்டு பழப்பண்ணையில முப்பது வருசம் தினக்கூலி. ஆனா பங்குனி பொறந்து பூ எடுத்துச்சுன்னா அங்க எல்லாரும் என் கையத்தான் தேடுவாங்க. ஒரு மரத்தையும் இன்னொரு மரத்தையும் சேத்துப் புது ரகம் எடுக்கணும்னா என்ன செய்யணும் தெரியுமா? மொட்டு விரியிறதுக்கு மொத நாளே அதப் பிரிச்சு, உள்ள இருக்குற ஆண் பாகத்த எல்லாம் சின்ன இடுக்கியால ஒண்ணு விடாம எடுத்துரணும். நடுவுல இருக்குற பெண் பாகத்துல நகம் பட்டா போச்சு. அப்புறம் நமக்கு வேணுங்கிற மரத்துப் பூந்தூள பிரஷ்ஷுல தொட்டுத் தடவணும். தடவிட்டு ஈயும் தேனீயும் அண்டாம காகிதப் பை மாட்டி, சீட்டுக் கட்டி விடணும். படிச்ச புள்ளைங்க பத்துப் பூ செஞ்சா ரெண்டு நிக்கும். நான் செஞ்சா ஏழு நிக்கும். இத நானாச் சொல்லல, பண்ணையில இருந்த சிவஞானம் அய்யா நாலு பேருக்கு முன்னாடி சொன்னது.

மொதல்ல பேரிக்காய்லதான் செஞ்சாங்க. நம்ம மலைப் பேரி தெரியும்ல? கல்லு. மொளகாத்தூள் போட்டாத்தான் உள்ள எறங்கும். அத மெத்துனு ஆக்கிரணும்னு பத்து வருசம் பாடுபட்டாங்க, வந்ததெல்லாம் வேற வேற கல்லு. ஆப்பிள் கதை வேற. வடக்கத்தி ஆப்பிளுக்குக் கடுங்குளிர் மாசக்கணக்கா வேணும். நம்ம குளிரு அதுக்குக் குளிரே இல்ல. இங்க நட்டா எல விடும், பேருக்கு நாலு பூ காட்டும், அவ்வளவுதான். ஆனா மேல வெள்ளக்காரன் கட்டின பங்களாவுல ஒரு கெழட்டு மரம் இருந்துச்சு. அதுக்குக் குளிரே வேணாம், கொத்துக் கொத்தாக் காய்க்கும். வாயிலதான் வைக்க முடியாது. இந்த ரெண்டையும் சேத்து வச்சா என்னன்னு எனக்கு ஒரு நெனப்பு. அய்யாட்டக் கேட்டேன். செஞ்சு பாருய்யா, வெதைய நீயே எடுத்துக்க, இங்க நட எடமில்லன்னாரு.

பங்களா மரம் மாசியிலயே பூத்துரும். பண்ணையில இருக்குற வடக்கத்தி மரம் பங்குனி கடைசியிலதான். அதனால அந்தப் பூந்தூள ஒணத்தி, மருந்துப் பாட்டில்ல அடைச்சு, ஒரு மாசம் பாதுகாத்தேன். வடக்கத்தி மரத்துல இருந்த நாலு பூவுக்கு ஏணி போட்டு ஏறித் தடவினேன். இப்படியே மூணு வருசம். கடைசியில நூத்தி அறுபத்து மூணு கன்னு கெடச்சுச்சு.

எங்கப்பா விட்டுட்டுப் போனது ஒரே ஒரு ஏக்கர், இந்தா இதுதான். எங்க ரெண்டு பேருக்கும் பொதுவு, பிரிக்கல. எனக்குப் பொண்டாட்டி சின்ன வயசுலயே போய்ச் சேந்துட்டா, புள்ள கிடையாது. சோறு தம்பி வீட்டுலதான். அவன் பொண்டாட்டி வெள்ளத்தாயி ஒரு நாள் கூட எனக்குப் பழசு போட்டதில்ல. மேப்பாதியில கன்னு வைக்கப் போறேன்டான்னேன். வச்சுக்கண்ணேன்னான். அவ்வளவுதான், வேற ஒரு வார்த்த பேசல. பேசாம இருக்குறது ஒரு கெட்டிக்காரத்தனம் தம்பி. பின்னாடி ஒரு நாள் சொல்லிக் காட்டலாம்ல? பதினாலு வருசம் அவன் சொல்லிக் காட்டல. காட்டியிருந்தாக் கூட எனக்கு நிம்மதியா இருந்திருக்கும்.

ஆப்பிள் வெதையில மொளச்ச கன்னு லேசுல காய்க்காது. ஏழாம் வருசம் நாலு மரம் காய்ச்சுது, எட்டாம் வருசம் முப்பது. ஒவ்வொண்ணாக் கடிச்சுப் பாப்பேன். கடிப்பேன், துப்புவேன், நோட்டுல ஒரு கோடு போடுவேன். ஒண்ணு புளிப்பு, ஒண்ணு மாவு, ஒண்ணு வெறுந்தண்ணி. ஒண்ணு நல்லா இனிச்சுது, ஆனா பறிச்ச மூணாம் நாளு அழுகிருச்சு. ஊர்க்காரன் எனக்குத் துப்புறவர்னே பேரு வச்சுட்டான். துப்புறவர் வர்றாரு, துப்புறவர் போறாரு. கொழந்தவேலு அப்படிச் சொன்ன ஒருத்தனை டீக்கடையில சட்டையப் புடிச்சுட்டானாம். எனக்கென்னத்துக்கு அவன் வக்காலத்து?

பன்னண்டாம் வருசம். கடைசி வரிசையில ஓடையோரம் ஒரு மரம். அது வரைக்கும் பூக்கவே இல்ல, சோம்பேறி மரம்னு நெனச்சு விட்டிருந்தேன். அந்த ஆடியில பதினோரு பழம். ஒண்ணப் பறிச்சுக் கடிச்சேன்.

எப்படிச் சொல்றது? துப்பல தம்பி. துப்புறதுக்கு வாய் தயாரா இருந்துச்சு, துப்பத் தோணல. நொறுக்குனு ஒடஞ்சு, சாறு மொழங்கை வரைக்கும் வழிஞ்சுது. இனிப்பு, அதுக்குள்ளயே ஒரு சின்னப் புளிப்பு, முழுங்கின பொறகும் ஒரு வாசம். நான் அந்த ஈரத்துலயே உக்காந்து அழுதேன். வெக்கமில்லாமச் சொல்றேன், பொண்டாட்டி செத்தப்பக் கூட அப்படி அழல.

பதினோரு பழத்தையும் நானேதான் தின்னேன். ஒண்ண ஒரு மாசம் வச்சிருந்து தின்னேன், அப்பவும் சுருங்கல. தம்பி மக பவித்ரா, அப்ப பத்தாப்பு படிக்கிறா, பெரியப்பா ஒரு கீத்துக் குடுங்கன்னு கைய நீட்டினா. அடுத்த வருசம் பாப்பம்னுட்டேன். கொழந்தவேலு கேக்கல. பாத்துக்கிட்டுத்தான் இருந்தான், கேக்கல. ஒரு கீத்துக் குடுத்தா அவ பள்ளிக்கூடத்துல சொல்லுவா, இவன் டீக்கடையில சொல்லுவான். மறுநாளு ஊரே கத்தியத் தூக்கிட்டுக் குச்சி வெட்ட வந்துரும். ஆப்பிளுக்கு ஒரு குச்சி போதும் தம்பி, ஒட்டுக் கட்டிட்டா அதே மரம் அவன் காட்டுல நிக்கும். நான் துப்பித் துப்பி எடுத்தத எவனோ பேனாக்கத்தியில வெட்டிட்டுப் போறதா?

அந்த மரத்துல சிவப்புக் கயிறு கட்டினேன். கட்டிட்டுத் தம்பியக் கூப்புட்டுச் சொன்னேன், இந்தா இந்தக் கயித்துல இருக்குறதுதான்டா மரம், மத்ததெல்லாம் வெறகுன்னு. அவன் மொகத்துல அப்படி ஒரு சிரிப்பு. அப்பத்தான் மெதுவாக் கேட்டான். அண்ணே, பவித்ராவ நர்ஸு படிக்க வைக்கணும், கீழப்பாதி பூண்டு காணாது, இந்த மரம் போக மிச்சத்த வெட்டிட்டு மேலயும் பூண்டு போட்டுக்கவா? அது ரெண்டு வருசம் கழிச்சுத்தான் படிப்பு, இப்ப என்ன அவசரம்னேன். இன்னும் ரெண்டு காய்ப்புப் பாக்கணும், அதுக்கப்புறம் வர்ற தையில வெட்டிக்கடான்னேன். சரின்னுட்டுப் போயிட்டான்.

சிவஞானம் அய்யா அப்பவே ரிட்டயராயிட்டாரு. இருந்தும் விசயம் கேள்விப்பட்டு வந்தாரு. பழம் இல்லாத நேரம், மரத்த மட்டும் தடவிப் பாத்தாரு. நாலு குச்சி பண்ணையில குடுத்து வையி, நாலு நீ வேற எடத்துல ஒட்டி வையி, ஒத்த மரத்த நம்பாதய்யான்னு படிச்சுப் படிச்சுச் சொன்னாரு. தலைய ஆட்டினேன். குடுக்கல. ஒத்த மரமா இருந்தாத்தான் அது எம்மரம், ரெண்டாயிட்டா ஊர் மரம். நான் நெனச்சதுல தப்பு இருக்கா, நீங்களே சொல்லுங்க.

ரெண்டு காய்ப்பும் பாத்தாச்சு, அதுலயும் ஒரு கீத்து யாருக்கும் குடுக்கல. அந்த ரெண்டாம் வருசம் ஐப்பசியில, மலையடிவாரத்துல நர்சரி வச்சிருக்குற ஒருத்தன் வந்தான். சும்மா வந்தேன்னான். போன்ல படம் எடுத்தான். மறுவாரமும் சும்மா வந்தான். அவன் கண்ணு அந்தக் கயித்து மேலயே இருந்துச்சு. மறுநாள் விடிஞ்சதும் நான் போயி கயித்த அவுத்தேன். மூணாவது வரிசையில ஒரு மரம், காட்டுலயே கேடுகெட்ட மரம் அதுதான், பழம் பாக்க நல்லா சிவப்பா இருக்கும், வாயில வச்சா தொண்டையப் புடிக்கும். அதுல கட்டினேன். வந்து வெட்டிட்டுப் போடா, கொண்டு போயி ஆயிரம் கன்னு ஒட்டி ஊரெல்லாம் வித்து அடி வாங்குடான்னு எனக்குள்ளயே சிரிச்சுக்கிட்டேன்.

தம்பிகிட்டச் சொல்லல. அவன் வெள்ளந்தி, ஓட்டவாய். மரத்துக்கு மரம் வித்தியாசமும் அவனுக்குத் தெரியாது, கயிறுதான் அடையாளம்.

மார்கழியில எனக்கு நெஞ்சுல சளி கட்டிருச்சு. மூச்சு விட முடியல. ஜீப்புல போட்டு மதுரைக்குக் கொண்டுட்டுப் போனாங்க. இருபத்தாறு நாள் ஆஸ்பத்திரி. கொழந்தவேலு பக்கத்துலயே தரையில துண்டை விரிச்சுப் படுத்துக் கெடந்தான். மூத்திரம் எடுத்து ஊத்தினான். அது அவன் கடமை, அண்ணன்தான நானு.

இப்பப் பாருங்க, ஒரு வார்த்த, ஒரே ஒரு வார்த்த அவன் என்கிட்டக் கேட்டிருக்கணும். இல்ல, கேட்டான். கேக்கலன்னு சொல்ல மாட்டேன். பொங்கல் முடிஞ்ச மறுநாளு, கட்டிலு பக்கத்துல குனிஞ்சு கேட்டான். அண்ணே, தை பொறந்துருச்சு, வெதைப்பூண்டு வந்து கெடக்கு, நீ சொன்னபடி வெட்டிறவா? சிவப்புக் கயிறு கட்டின மரம்தான, அத மட்டும் விட்டுறணும், அதான? ஆனா அது கேக்குற எடமா தம்பி? பக்கத்துக் கட்டில்ல கெடக்குறவனுக்குக் காவலா இருந்தவன் அடிவாரத்துக்காரன். நர்சரிக்காரனுக்கு மாமனா மச்சானா யாரு கண்டா? காதத் தீட்டிக்கிட்டு உக்காந்திருக்கான். நான் ஆமான்னேன். ரெண்டு நாள்ல வீட்டுக்கு அனுப்பிருவாங்க, வீட்டுல வச்சுச் சொல்லிக்கலாம்னு நெனச்சேன். டாக்டரு இன்னும் எட்டு நாளுன்னுட்டாரு. அதுக்குள்ள இவன் பொண்டாட்டியத் தொணைக்கு விட்டுட்டு மேல கெளம்பிட்டான். அவகிட்டச் சொல்லி அவனுக்குப் போன் போட வச்சிருக்கலாம். அந்த அடிவாரத்துக்காரன் அங்கயேதான உக்காந்திருந்தான்.

வீட்டுக்கு வந்தன்னிக்கு வெள்ளத்தாயி வெந்நி போட்டுக் குடுத்தா. மாமா, ஆஸ்பத்திரி வாடை போக நல்லா ஊத்திக் குளிங்கன்னா. ரெண்டு அண்டா வெந்நி. குளிச்சுட்டு வெளிய வந்தேன், ஒடம்பு அவ்வளவு லேசா இருந்துச்சு. அடுப்படியில வெறகு எரியிது. ஒரு வாசம் வந்துச்சு. முப்பது வருசம் ஆப்பிள் மரத்துல கவாத்துப் பண்ணி, வெட்டின கெளைய எரிச்சவன் தம்பி நானு, அந்த வாசம் எனக்குத் தெரியாதா?

இவன் என் கையப் புடிச்சு மெதுவாக் கூட்டியாந்தான், இதே எடத்துக்கு. காடு பூராம் வெளிச்சமாக் கெடக்கு. வேரு கூட விடல. பொக்லைன் கொண்டாந்து தோண்டி எடுத்து, மண்ணச் சமப்படுத்தி, பாத்தி கட்டி, பூண்டு ஊனியாச்சு. நடுவுல அந்தக் கேடுகெட்ட மரம் நிக்கிது, அதுக்கு வேலி வேற. அண்ணே, பொக்லைன்காரன் ஒரு கெளையில மோதப் பாத்தான், நான் குறுக்க விழுந்துட்டேன், பாருன்னு தோள்பட்டையக் காட்டுறான். நீளமா ஒரு காயம். உன் மரத்துல ஒரு எல உதிரலண்ணே, தையில எலையே இல்ல, ஆனா இருந்திருந்தாலும் உதிர்ந்திருக்காதுண்ணேன்னு சொல்லிச் சிரிக்கிறான்.

நான் என்ன பண்ணியிருக்கணும்? அப்பவே சொல்லியிருக்கணும்ங்கிறீங்க. தல சுத்துதுன்னு உக்காந்துட்டேன். அவன் பயந்து போயி என்னைத் தூக்கிட்டு ஓடினான்.

மறுநாள் அவன் கடைக்குப் போனதும் வெறகுக் குமிச்சலுக்குள்ள எறங்கினேன். நூத்தி அறுபது மரத்துக் கெளை. அதுல ஒரு பங்கு ஏற்கெனவே எரிஞ்சாச்சு, எனக்கு வெந்நியா. மிச்சத்துல எது எந்த மரம்? மொட்டப் பாத்துக் கண்டுபிடிச்சுருவேன்னு நெனச்சேன். ஏழெட்டுக் குச்சி அது மாதிரி இருந்துச்சு. பண்ணைக்குத் தூக்கிட்டுப் போயி ஒட்டுக் கட்டினேன். வெயில்ல காஞ்ச குச்சி. ஒண்ணு துளுத்துச்சு. சித்திரையில அதுவும் கருகிருச்சு. அத்தோட முடிஞ்சுது தம்பி. இனிமே ஒலகத்துல எங்க தேடினாலும் அந்த மரம் கெடையாது. அதே ரெண்டு மரத்த மறுபடி சேத்தாலும் அது வராது. இன்னொரு நூத்தி அறுபத்து மூணு வரும். எனக்கு அறுபத்தி மூணு வயசு.

அவன்கிட்ட நான் பேச்சக் கொறச்சுட்டேன். பேசாம இருக்குறதுதான் அவனுக்குத் தண்டனைன்னு வச்சேன். அவன் என்னடான்னா, சளி நெஞ்சுல தங்கிருச்சு, அதான் அண்ணனால பேச முடியலன்னு மாத்திரை வாங்கியாறான்.

அந்த மரம் மறுவருசம் பூத்துச்சு. காய்ச்சா அவன் தின்னு பாப்பான்ல? தின்னா தெரிஞ்சுரும்ல? அதனால பங்குனியில நான் வந்து பூவெல்லாம் கிள்ளிப் போட்டேன். பூவத் தொட்டுத் தொட்டுக் காய்க்க வச்ச கை இது. ஒரு தடவ வெள்ளத்தாயி பாத்துட்டா. பூ அதிகமானா மரம் எளச்சுரும்னேன். ஏன் காய்க்கலண்ணேன்னு இவன் கேட்டதுக்கு, ஆப்பிள் ஒத்த மரமா நின்னா காய் புடிக்காதுடா, வேற ரகத்துப் பூந்தூள் வேணும், தொணைய எல்லாம் நீதான் வெட்டிட்டியேன்னேன். அது நெசந்தான், பொய் சொல்லல. அவன் மொகம் செத்துப் போச்சு. அன்னிக்கு எனக்குக் கொஞ்சம் ஆறுதலா இருந்துச்சு.

ரெண்டு வருசம் கிள்ளினேன். இந்த வருசம் மேல ஏற முடியல, ரெண்டு படி ஏறினா இருமல். எட்டுற வரைக்கும் கிள்ளிட்டு, உச்சியில இருக்குறது தொணையில்லாம தானா உதிரும்னு விட்டுட்டேன். நடுவுல ஒரு நாள் நெஞ்சுப் படம் எடுக்க மதுரைக்குப் போனேன். அன்னிக்கு இவன் என்ன பண்ணியிருக்கான் தெரியுமா? பங்களாவுக்குப் போயி, அந்தக் கெழட்டு மரத்துல கடைசியாக் கெடந்த பூங்கெளைய ஒடிச்சு, பாட்டில்ல தண்ணி ஊத்தி அதுல சொருகி, இந்த மரத்து உச்சியில கட்டித் தொங்க விட்டிருக்கான். தேனீ அதுலருந்து இதுக்கு எடுத்துட்டுப் போகட்டும்னு. எப்பவோ நான் சொன்னதக் கேட்டு வச்சிருந்திருக்கான். முட்டி வலியோட ஏறியிருக்கான்.

மூணு காய் நின்னுருச்சு. அந்தா வலைப்பை, வெளவால் கடிக்காம இருக்கக் கட்டியிருக்கான். தெனம் காலையில வந்து கீழ நின்னு பாத்துட்டுப் போறான். ஆடிப் பதினெட்டுக்குப் பறிக்கணுமாம். பவித்ராவுக்கு லீவு சொல்லி வரச் சொல்லியாச்சு. உங்களையும் அன்னிக்கு வரச் சொல்லியிருப்பானே? சொன்னானா? பாத்தீங்களா.

இன்னிக்கு ஆடி ஒம்பது. இன்னும் ஒம்பது நாள் இருக்கு. சொல்லிரலாம்னுதான் தெனம் எந்திரிக்கிறேன். என்னன்னு சொல்ல? நீ வெட்டினது அந்த மரம்டான்னு சொன்னா, ஏண்ணே என்கிட்டச் சொல்லலன்னு கேப்பான். கோவமாக் கேக்க மாட்டான். அவனுக்குக் கோவப்படத் தெரியாது. சும்மா கேப்பான். தப்பு அவன்மேலதான், அதுல எனக்குச் சந்தேகமில்ல. ஆனா அந்தக் கேள்விக்கு மட்டும் பதிலு இல்ல.

அந்தா கூப்புடுறான் பாருங்க, சாப்புட வரச் சொல்லி. உங்களையும் சேத்துத்தான். போங்க, வெள்ளத்தாயி கொழம்பு நல்லா இருக்கும். அவன் மரத்தப் பத்திக் கேட்டா, பாத்தேன், நல்லா இருக்குன்னு சொல்லுங்க, வேற எதுவும் வேணாம்.

மொதப் பழத்த அவன்தான் அறுப்பான். மொதக் கீத்த என் வாயிலதான் வைப்பான், பக்கத்துல நின்னு என் மொகத்தையே பாப்பான். நான் துப்பாம மென்னு முழுங்கி, நல்லாருக்குடான்னு சொல்லணும். சொல்லிருவேன். அதுக்கப்புறம் அவன் ஒரு கீத்து எடுத்து வாயில வைப்பான்.